மாஸ்டர் சுட்ட கோதுமை ரொட்டி

கடைத்தெரு முனையில் இருந்த பேக்கரியில் ரொட்டி போடுகிறவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கூப்பிட ஆள் இல்லாமல் அது எங்கேயோ ஒதுங்கிவிட்டது. அவர் மனைவிக்கும் அதே கதிதான். வாசலை ஒட்டிய அறையில் தையல் மிஷின் போட்டு, பள்ளிக்கூடச் சட்டை, தலையணை உறை, ஜன்னல் திரை என்று தைத்துக் கொடுத்ததில் டெய்லரம்மா ஆகிவிட்டாள். ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை. அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கத் தெருவில் யாருக்கும் துணிச்சல் இல்லை. வீட்டுக்குள் அவள் அம்மா மட்டும் இன்ஸ்பெக்டர் என்பாள், அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில்.

டெய்லரம்மாவுக்குச் சர்க்கரை வியாதி புதிதில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அது பல காலமாக உள்ளே இருந்தது; இருப்பதே தெரியாமல் இருந்தது. அந்த வருஷம் மழை பிடிக்கும் முன்பு தலைதூக்கியது. கண் மங்கியது, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டி வந்தது, பாதம் மரத்துப்போனது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். மைதாவை அறவே விடச் சொன்னார். பேக்கரிக்காரர் பெண்டாட்டியிடம் மைதாவைத் தொடாதே என்றால் அவள் எதைத்தான் தொடுவாள்? கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் காலைச் சாப்பாடு ரொட்டிதான். மாஸ்டர் கொண்டுவருகிற சூடான ரொட்டி, நடுவில் கையால் பிய்த்தது.

மகள் மறுநாளே ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் வரிசையாக வெட்டிய துண்டுகள்.

"அம்மாவுக்கு இனிமே இதுதான். கோதுமை ரொட்டி. உங்க கடையிலேர்ந்துதான் வாங்கிட்டு வந்தேன்."

மாஸ்டர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"எதுக்குப்பா சிரிக்கிறீங்க?"

"இதுல கோதுமை பேருக்கு ஒரு பிடி. மீதி மைதா. கருக்கின சர்க்கரைத் தண்ணிய ஊத்திப் பிசைஞ்சா நிறம் வந்துடும். மேலே கொஞ்சம் தவிட்டைத் தூவினா ஆரோக்கியமும் வந்துடும்."

"இதை யார் போடுறது?"

"நான்தான்."

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"முதலாளி போடச் சொல்றாரு, போடுறேன். இதுல என்ன இருக்குன்னு யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலையே."

டெய்லரம்மா மிஷினில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். "ஊரையெல்லாம் ஏமாத்துற கையாலதான் நமக்குச் சோறு வருதா?"

அந்தப் பேச்சு மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. "கடையில நான் கூலிக்காரன். வீட்டுல நான் வச்சதுதான் சட்டம். நாளையிலேர்ந்து நானே சுடுறேன். முழுக்கோதுமை. ஒரு சிட்டிகை மைதா இருக்காது. பாரு, கடை ரொட்டியையே மறந்துடுவே" என்றார்.

மகள் உடனே பக்கத்து வீதிக் கடையிலிருந்து மேஜைமேல் வைக்கிற சின்ன ஓவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா சொன்னால் அது நடக்கும் என்று அவளுக்குத் தீராத நம்பிக்கை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அம்மா சொல்வதற்குச் சாட்சி வேண்டும். அப்பா சொல்வதற்கு வேண்டாம்.

முதல் ரொட்டி சுட்ட நாள் நன்றாக நினைவிருக்கும், அந்த வீட்டில் எல்லாருக்கும். மாஸ்டருக்கு மாவைக் கண்டால் கை தானாகப் போகும். விடியுமுன் கடைக்குள் நுழைந்து, தொட்டியை மூடிய ஈரத்துணியை விலக்கி, பொங்கி நிற்கிற மாவில் ஒரு குத்து விட்டால் அது பெருமூச்சு விட்டு அமுங்கும். அதை இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். வாழ்நாளெல்லாம் அந்த வெள்ளை மாவோடு பழகிய கை அது. முழுக்கோதுமை மாவோ வேறு குணம். பிசையப் பிசைய விரலில் ஒட்டியது. இழுத்தால் அறுந்தது. மாவில் இருந்த தவிடு, மாவைச் சேர்த்துப் பிடிக்கிற நூலையெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்தது. ஒட்டுகிறதே என்று மாஸ்டர் இன்னும் மாவைத் தூவினார். இன்னும் கொஞ்சம் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்க வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரக் குளிரில் மாவு உப்ப மறுத்தது. காத்திருந்து காத்திருந்து, உப்பிய மட்டும் போதும் என்று ஓவனில் தள்ளினார்.

வந்தது ரொட்டி இல்லை. டெய்லரம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. மிஷின் ஒரு பக்கம் ஆடிக்கிட்டே இருக்கு. அடியில முட்டுக் கொடுக்கலாம்."

"முதல் தடவைடி. கோதுமை அப்படித்தான் முரண்டு பிடிக்கும்."

"நான் குத்தமா சொல்லலை. உங்க கை ரொட்டின்னு நானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். எதிர்வீட்டுக்காரி ருசி பாக்க வரேன்னு சொல்லியிருக்கா. சுத்தியலோட வரச் சொல்லட்டுமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். முதல் நாள்தானே. மறுநாளும் செங்கல்தான் வந்தது. அதற்கு மறுநாள் தண்ணீரைக் கூட்டினார், மாவை முன்கூட்டியே ஊறவைத்தார். செங்கல் கொஞ்சம் ஈரச் செங்கல் ஆனது. தட்டில் வைத்தால் டெய்லரம்மா பிய்த்து, பாலில் நனைத்து, நீண்ட நேரம் மென்றாள். குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் குறை சொல்லாதது மாஸ்டருக்கு உறுத்தியது.

ஒரு நாள் மதியம் கடையிலிருந்து வந்தபோது அவள் மிஷின் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். காலையில் வைத்த ரொட்டி, வெட்டிய துணித்துண்டுகள் போடுகிற கூடையில் கிடந்தது. நேற்றையதும் கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்றே? சாப்பிடலைன்னா சொல்லக்கூடாதா?"

"என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க. நீங்க கடையில நின்னுட்டு வந்து இங்கேயும் நிக்கிறீங்க. எனக்காகத்தானே. வாயில போனா இறங்க மாட்டேங்குது, அதை எப்படிச் சொல்றது?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பஞ்சு மாதிரி போடுறீங்க. எனக்குன்னு வரும்போதுதான் உங்க கைக்கு வரமாட்டேங்குது. என் தலையெழுத்து."

தலையெழுத்து என்று அவள் சொன்னது மாஸ்டர் காதில் வேறு மாதிரி விழுந்தது. நீ ஒரு மாஸ்டரா என்று கேட்டதாக விழுந்தது. பெண்டாட்டி பட்டினி கிடந்த வருத்தம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே, அதைவிட ஒரு விரல் உயரமாக, இன்னொன்றும் இருந்தது. அதற்கு நல்ல பெயர் வைக்க முடியாது.

பேக்கரியில் ஒரு வழக்கம் உண்டு. நேற்றைய மாவில் ஓர் உருண்டையை எடுத்து வைத்து இன்றைய மாவில் சேர்ப்பார்கள். பழைய மாவு என்பார்கள். அது சேர்ந்தால் புது மாவு தானாக எழும்பும், ருசியும் கூடும். மறுநாள் மாஸ்டர் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் எலுமிச்சம்பழ அளவு பழைய மாவை வைத்துக் கொண்டுவந்தார். அது வெள்ளை மாவுதான். கடை மாவு என்பதால் அதில் சர்க்கரையும் வனஸ்பதியும் உண்டு. எலுமிச்சம்பழ அளவில் என்ன வந்துவிடப்போகிறது? மருந்துக்குச் சேர்க்கிற தேன் மாதிரி என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார்.

அன்றைய ரொட்டி எழும்பியது. கொஞ்சம்தான். ஆனால் டெய்லரம்மா பிய்த்து வாயில் போட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"கை பழகுதுடி. எல்லாம் கைப்பழக்கம்."

"இப்பத்தான் உங்க ரொட்டி மாதிரி இருக்கு" என்று இன்னொரு துண்டு எடுத்தாள்.

அந்த இன்னொரு துண்டில்தான் மாஸ்டர் விழுந்தார். எலுமிச்சம்பழம் கொய்யாப்பழம் ஆயிற்று. கொய்யாப்பழம் மாம்பழம் ஆயிற்று. ரொட்டி நாளுக்கு நாள் உயர்ந்தது. உள்ளே வலைவலையாகக் கண் விட்டது. மழை உரத்துப் பெய்த வாரத்தில், குளிருக்கு எழும்பாது என்று சாக்குச் சொல்லி, தூக்கின் அடித்தட்டு முழுக்க அடைத்துக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய உருண்டை. இப்போது முழுக்கோதுமைதான் அதற்குள் பழைய மாவுபோல ஒரு பிடி சேர்ந்துகொண்டிருந்தது. நிறம் வெளுத்தது. அதற்கும் அவருக்கு வழி தெரியும். கடையிலிருந்து கருக்கின சர்க்கரைத் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் வந்தது. வேலை முடிந்ததும் பாட்டில் கடைக்கே திரும்பிப் போகும்.

எதிர்வீட்டுக்காரி ருசி பார்த்துவிட்டு, "டெய்லரம்மா, நீ குடுத்து வச்சவ. என் வீட்டு மனுஷன் வெந்நீர்கூட வைக்கமாட்டான்" என்றாள். டெய்லரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. காலையில் சாப்பிட்டாள், தைக்கிற நடுவில் சாப்பிட்டாள், ராத்திரியும் அதுவே போதும் என்றாள். உடம்புக்கு நல்லதாச்சே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன? மகளும் அதையே சொன்னாள். "அதை எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடு. மத்தது எதையும் தொடாதே."

மாஸ்டருக்கும் சந்தேகம் வராமல் இல்லை. ஒரு நாள் மனசு கேட்காமல் உருண்டையைப் பாதியாகக் குறைத்தார். அன்றைக்கு டெய்லரம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா? கை தளந்து போச்சே" என்றாள். அக்கறையாகத்தான் கேட்டாள். மறுநாள் தூக்கு பழையபடி கனத்தது.

மகளிடம் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. குறையவேண்டியது ஏறியது. கருவியில்தான் கோளாறு என்று வேறொன்று கொண்டுவந்தாள். அதிலும் ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்படியும் ஏறியது. இன்ஸ்பெக்டருக்கு வேலை வந்துவிட்டது.

"அம்மா, உண்மையைச் சொல்லு. என்ன தின்னே?"

"நீங்க குடுக்கிறதைத்தான்டி தின்னேன்."

"அப்போ ஏன் ஏறுது? ரொட்டி அப்பா சுடுறது. அதுல ஒண்ணும் இல்லை. காய் நான் ஆக்கி வைக்கிறது. அதுலயும் ஒண்ணும் இல்லை. காத்தைக் குடிச்சா சர்க்கரை ஏறுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ மருந்துக் கடைக்காரி. நீதான் சொல்லணும்."

"சட்டை அளவு குடுக்க வரவங்க எதையாவது கொண்டுவந்து குடுக்கிறாங்களா?"

"குடுத்தா வாங்கிக்கிறேனா நான்?"

மகள் தையல் அறைக்குள் போனாள். நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள், பொத்தான் டப்பாவைத் திறந்தாள். துணிக்கூடையைக் கொட்டியபோது அடியில் ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தது.

"இது என்ன?"

"நேத்து அளவு எடுக்க வந்த குழந்தை தின்னுட்டுப் போட்டது."

"எப்பவும் ஒரு குழந்தை வந்துடும் உனக்கு."

"சத்தியமாடி."

"சத்தியம் பண்ணாதே. கண்ணு போகும், காலு போகும்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழலையா? எனக்குன்னு யாரும்மா இருக்கா? நாக்கை அடக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. பொய் மட்டும் சொல்லாதே."

டெய்லரம்மா கதவருகே நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன். நான் எதையாவது எடுத்துத் தின்னு பாத்திருக்கீங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம். மிட்டாய்த் தாள் அளவு விஷயம்தான் அது, அப்போதைக்கு. மாஸ்டர் வாயைத் திறந்தார். "விடும்மா, அவ இனிமே பாத்துக்குவா" என்றார்.

இனிமே என்ற அந்த ஒரு சொல் போதும், மகளுக்கு. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது, அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். டெய்லரம்மா கணவனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து நூல்கண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வீட்டில் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டன.

அதன்பிறகு சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி மகளின் கைப்பையில். எதிர்வீட்டுக்காரியிடம், அம்மாவுக்கு எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தாள். அது தெரு முழுக்கப் போயிற்று. அளவு கொடுக்க வந்தவர்கள், "என்ன டெய்லரம்மா, திருட்டுத்தீனியாமே" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். அவளும் விளையாட்டாகச் சிரித்துவைத்தாள். அவர்கள் போனதும் மிஷினை விட்டு எழாமல் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பாள், துணி இல்லாமல், வெறுமனே.

மரத்துப்போன காலில் பெடலின் விளிம்பு உரசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. வலித்தால்தானே தெரியும்? தரையில் ஈரம் பட்ட மாதிரி இருக்கிறதே என்று பார்த்தபோது பெருவிரலின் அடியில் தோல் கிழிந்திருந்தது. மழை ஓய்ந்தும் அது காயவில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் மகளின் முகம் இறுகியது. விரல் சிவந்து, பிறகு கறுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, சர்க்கரை அளவு எழுதிய ஏட்டைப் புரட்டினார். "என்னம்மா, வாயைக் கட்டவே இல்லையா?"

"நான் எதையும் திருடித் தின்னலை டாக்டர். வீட்டுல சுட்ட கோதுமை ரொட்டிதான். வேணும்னா இவரைக் கேளுங்க, இவர்தான் சுடுறவர்."

டாக்டர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. விடுங்க. விரலை எடுத்துடணும். இல்லைன்னா பாதம் போகும்."

மாஸ்டர் சுவரோரம் நின்றிருந்தார். அங்கே தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியால் மட்டுமா இது வந்தது என்று பிற்பாடு தன்னையே கேட்டுக்கொண்டார். வயசு, வியாதி, பெடல், மழை, எத்தனையோ காரணம் உண்டு. ஒரு டாக்டரைக் கேட்டால் இன்னதால்தான் என்று சொல்லமாட்டார். இத்தனை நியாயமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் உதவவில்லை. விரலை எடுத்துவிட்டார்கள்.

டெய்லரம்மா வீடு திரும்பிய காலையில் மாஸ்டர் கடைக்குப் போகவில்லை. முந்தின நாளே தூக்கு வெறுமையாக வந்திருந்தது. முழுக்கோதுமை மாவை ஊறவைத்தார். ஒட்டினால் ஒட்டட்டும் என்று ஈரக் கையால் மடித்துப் போட்டார். ஒரு சொட்டு வெள்ளை மாவு இல்லை, நிறத்துக்கு ஊற்றவில்லை. நிறம் தானாகவே சரியாக வந்தது. ரொட்டி தாழ்வாக, கனமாக, மேலே வெடித்து இருந்தது. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மெல்ல மெல்லக் கோதுமையின் ருசி வந்தது. பொறுமையாக மென்றால் நன்றாகவே இருந்தது. தொடக்கத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் இது வந்திருக்கும். அதை நினைக்கையில் அவருக்கு அழுகை வந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த டெய்லரம்மாவுக்குத் தட்டை நீட்டினார். கட்டுப்போட்ட கால் தலையணைமேல் இருந்தது. அவள் ஒரு துண்டை எடுத்தாள். பிய்க்க முயன்றாள். பிறகு தட்டிலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்களுமா?"

"என்னடி?"

"அவ பூட்டுப் போட்டா. பரவாயில்லை, சின்னப் பொண்ணு, பயத்துல பண்றான்னு இருந்தேன். நீங்க என்னை நம்புறீங்கன்னுதான் நெனச்சேன். இத்தனை நாளா எனக்காகப் பஞ்சு மாதிரி சுட்டுக் குடுத்தீங்க. இப்போ விரல் போனதும் பழையபடி கல்லா? திருடித் தின்னவளுக்கு இது போதும்னா? அடிச்சிருந்தாக்கூட எனக்கு இப்படி இருக்காது."

மாஸ்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். வேறு வழி இல்லை. இவள் அப்படி நினைத்துக்கொண்டு சாவதைவிட எதுவும் மேல்.

"நீ திருடித் தின்னலை. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் போட்டேன். கடையிலேர்ந்து பழைய மாவு கொண்டுவந்து சேர்த்தேன். மைதா. அதனாலதான் எழும்புச்சு. அதனாலதான் பஞ்சு. உனக்கு இறங்கலையேன்னு முதல்ல கொஞ்சம்தான் போட்டேன்."

டெய்லரம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். தெருவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எவ்வளவு?"

மாஸ்டர் இரண்டு கையையும் எடுத்து உருண்டையைப் பிடித்துக் காட்டினார். அவள் அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"நிறம்?"

"கருக்கின சர்க்கரை."

"கடையில போடுற அதேவா?"

"அதேதான்."

"அவ என் டப்பாவையெல்லாம் கவுத்துத் தேடினாளே, அப்ப நீங்க அங்கேதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"டாக்டர் கேட்டப்போ?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். டெய்லரம்மா அழுவாள், அல்லது தட்டைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. காலின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் போனது போகட்டும். தேய்ஞ்ச விரல். நான் மிதிச்சது போதும். ஆனா நாலு பேருக்கு நடுவுல திருடின்னு நின்னேனே, அது எனக்கு வேண்டாம். சாயங்காலம் அவ வருவா. என் முன்னாடி அவகிட்ட இதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"சொல்றேன்."

அன்று பகல் முழுவதும் மாஸ்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். கைப்பையை மாட்டிவிட்டு, அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தட்டில் இருந்த ரொட்டியைக் கவனித்தாள். "ஏன் சாப்பிடலை?"

மாஸ்டர் எழுந்து நின்றார். கடை முதலாளி முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அம்மா எதையும் திருடித் தின்னலை. ரொட்டியில நான்தான் மைதா சேர்த்தேன். தினமும். கடையிலேர்ந்து தூக்குல கொண்டுவந்து."

மகள் அவரையே பார்த்தாள். முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல இளகியது. பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்பா."

"என்ன வேண்டாம்?"

"அம்மா மேல இருக்கிற பழியை நீங்க எடுத்துத் தலையில போட்டுக்க வேண்டாம். எனக்குத் தெரியும் உங்களை. அன்னைக்கும் காட்டிக் குடுக்காம மென்னு முழுங்கினீங்க."

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன்."

"கடை ரொட்டியில என்ன கலக்கிறாங்கன்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதானே? அதை நீங்களே அம்மாவுக்குச் செய்வீங்களா? எங்கே மைதா? காட்டுங்க பாப்போம்."

காட்ட என்ன இருந்தது? வந்த மாவு அன்றன்றைக்கே ரொட்டி ஆகிவிட்டது. பாட்டில் கடைக்குப் போய்விட்டது. தட்டில் இருந்ததோ, கண்ணுள்ளவர் யாரும் சந்தேகப்பட முடியாத சுத்தமான கோதுமை ரொட்டி. மாஸ்டர் வெறுங்கையை விரித்தார்.

"பாத்தீங்களா? உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுப்பா" என்றாள் மகள். பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது. "நீதானே சொல்லச் சொன்னே? காலையிலேர்ந்து உக்காந்து இவருக்குப் பாடம் பண்ணி வச்சியா? விரல் போயும் உனக்குப் புத்தி வரலையா? இந்த மனுஷன் வேலைக்குப் போகாம உனக்குச் செஞ்சு போடுறாரு. அவர் தலையிலேயே கைய வைக்கிறியே, மனசு எப்படிம்மா வருது உனக்கு?"

"அவளைச் சொல்லாதே" என்று மாஸ்டர் குறுக்கே வந்தார். "நான் சொல்றதை..."

"நீங்க பேசாம இருங்க" என்றாள் டெய்லரம்மா. சத்தம் போடவில்லை. "பேசாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லா வருது."

டெய்லரம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இந்தச் சண்டை இனி தினமும் நடக்கும், சாகிறவரை நடக்கும் என்று டெய்லரம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது மகளை மட்டும் பார்த்தாள்.

"ஆமாடி. நான்தான் சொல்லச் சொன்னேன். நான்தான் தின்னேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நாக்கு கேக்கலை. மிட்டாய் தின்னேன், கேக்கு தின்னேன், கிடைச்சதெல்லாம் தின்னேன். போதுமா?"

மகளின் முகத்திலிருந்து ஏதோ பெரிய பாரம் இறங்கியது. அழுதுகொண்டே கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இதை அன்னைக்கே ஒத்துக்கிட்டிருந்தா விரல் போயிருக்காதேம்மா."

"போயிருக்காதுதான்" என்று டெய்லரம்மா மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். மாஸ்டர் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.